தற்குறியின் ஒப்பம்: ஓலையிலிருந்து ஓடிபி வரை

‘தற்குறி’ என்பது இன்று ஒரு வசவு. எழுதப் படிக்கத் தெரியாத ஆள், அதனாலேயே எதுவும் தெரியாத ஆள் என்று பொருள். ஆனால் சொல்லின் முதல் பொருள் ஆளைக் குறிப்பதல்ல. தன் குறி, எழுதத் தெரியாத ஒருவர் பெயருக்குப் பதிலாகத் தன் கையால் இடும் கீறல். எழுதத் தெரிந்த இன்னொருவர் பக்கத்தில் ‘இது இன்னார் கீறல்’ என்று எழுதிச் சாட்சி நிற்பார். கீறல் செல்லும். அதன்மேல் நிலம் கைமாறும், கடன் ஏறும், சில சமயம் ஆளே கைமாறுவார். ஆக, தற்குறி என்பது செல்லத்தக்க ஒரு கையொப்பம். ஒப்பத்தின் பெயர் ஒப்பமிட்டவர்மீது ஏறி, பிறகு இழிவாக உறைந்துவிட்டது. ‘கைநாட்டு’க்கும் இதே கதிதான். ‘கைநாட்டுப் பய’ என்று திட்டுகிறவர்தான் அந்தக் கைநாட்டு விழுகிறவரை பத்திரத்தோடு காத்துக்கொண்டு நிற்பவரும். 1897ஆம் ஆண்டின் பொதுச் சரத்துகள் சட்டம் இதை மறைக்கவில்லை: எழுத இயலாதவரைப் பொறுத்தவரை ‘கையொப்பம்’ என்பது ‘குறி’யையும் உள்ளடக்கும் என்றே வரையறுக்கிறது.

மின் கையொப்பம் செல்லுமா, மின்னஞ்சலில் பேசி முடித்த ஒப்பந்தம் கோர்ட்டில் நிற்குமா என்ற கேள்விகளை நம்மிடையே தொழில்நுட்பச் செய்தியாக மட்டுமே பேசுகிறார்கள். ‘செல்லும்’ என்று ஒற்றைச் சொல்லில் பதிலும் சொல்லிவிடுகிறார்கள். பதில் சரிதான். ஆனால் யாருக்குச் செல்லும், யார்மீது செல்லும் என்பதுதான் தற்குறியின் பக்கமிருந்து கேட்கவேண்டிய கேள்வி. அதற்கு இந்த ஒப்பத்தின் முன்கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் ஒப்பந்தத்துக்குக் கையொப்பம் வேண்டும் என்று பொதுவாகக் கேட்கவே இல்லை. தகுதியுள்ள இருவர், சுதந்திரமான சம்மதம், சட்டபூர்வமான கைம்மாறு, நோக்கம். இவை இருந்தால் வாய்ச்சொல்லே ஒப்பந்தம். சந்தையில் மாட்டு வியாபாரி துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறாரே, அதுவும் ஒப்பந்தம்தான். அப்படியானால் கையொப்பம் எதற்கு? பதில் அதே ஆண்டில் வந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 91, 92 பிரிவுகளின்படி, ஒப்பந்தத்தின் ஷரத்துகள் எழுத்தில் வந்துவிட்டால் அவற்றுக்கு மாறாகவோ கூடுதலாகவோ வாய்மொழிச் சாட்சியம் சொல்ல முடியாது. மோசடி, மிரட்டல் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றை மெய்ப்பிக்கும் பாரம் சொல்கிறவர் தலையில். ‘அன்னைக்கு அவரு வேற மாதிரித்தானய்யா சொன்னாரு’ என்ற வாக்கியத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லாமல் போவது இப்படித்தான். சம்மதத்தை உருவாக்குவதல்ல கையொப்பத்தின் வேலை. சம்மதிக்கவில்லை என்று பின்னால் சொல்லவரும் வாயை அடைப்பதே அதன் வேலை.

தெரிதா 1971இல் மாண்ட்ரியலில் வாசித்த புகழ்பெற்ற கட்டுரையில் கையொப்பம் பற்றி ஒரு முரணைச் சுட்டினார். கையொப்பம் ‘நான் இங்கே, இப்போது இருந்தேன்’ என்று ஒரு தனித்த கணத்தைக் கோருகிறது. ஆனால் கையொப்பமாகச் செயல்பட அது மறுபடி மறுபடி போடத்தக்கதாக, போட்டவரிடமிருந்து பிரிந்து போகத்தக்கதாக இருக்கவேண்டும். அதாவது போலி செய்யத்தக்கதாகவும் இருக்கவேண்டும். நுட்பமான வாதம். ஆனால் மேற்கத்தியச் சிந்தனை பேச்சை மேலாகவும் எழுத்தைக் கீழாகவும் வைத்தது என்ற அவருடைய பெரிய கதையாடலை ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தால் சிக்கல்தான். இங்கே எழுத்து உயர்சாதி, பேச்சு தீண்டத்தகாதது. பேச்சைத் தவிர வேறு கைமுதல் இல்லாதவர்களே குறுக்கு விசாரணைக் கூண்டில் வந்து நிற்கிறார்கள்.

ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையில் சேத்தூரைத் தாண்டி, மலையடியில் தேவதானம் இருக்கிறது. நெல்லும் தென்னையும் மாவும் விளையும் ஊர். தேவதானம் என்பது ஊர்ப்பெயராக மாறுவதற்கு முன் ஒரு நிலவகையின் பெயர். பார்ப்பனருக்கு விட்டது பிரமதேயம், சமணப் பள்ளிக்கு விட்டது பள்ளிச்சந்தம், கோயிலுக்கு விட்டது தேவதானம். இத்தகைய கொடைகளைச் சொல்லும் சோழ, பாண்டியக் கல்வெட்டுகளின் முடிவில் அதிகாரிகளும் ஊரவையாரும் ‘இவை இன்னார் எழுத்து’ என்று வரிசையாக ஒப்பமிட்டிருப்பார்கள். கொடுத்தவர் பெயர் இருக்கும், வாங்கிய தெய்வத்தின் பெயர் இருக்கும், நான்கெல்லை இருக்கும். உழுதவர்? கல்வெட்டுகளில் ‘குடிநீங்காத் தேவதானம்’ என்றும் ‘குடிநீக்கித் தேவதானம்’ என்றும் இரண்டு வழக்குகள் உண்டு. பழைய குடிகளை இருக்கவிட்டுக் கொடுத்தது ஒன்று, அவர்களை நீக்கிவிட்டுக் கொடுத்தது மற்றொன்று. உழுகுடி இந்த ஆவணத்தில் ஓர் அடைமொழியாக மட்டும் இடம்பெறுகிறது. அடைமொழிக்குக் கையொப்பம் கிடையாது.

ஆவணத்தின் செல்லுபடி பற்றித் தமிழில் எழுதப்பட்ட மிகச் சிறந்த வழக்கு விசாரணை பெரியபுராணத்தில் இருக்கிறது. பக்தர்கள் அதை அருளிச்செயலாகப் படிக்கட்டும். நாம் வழக்காகப் படிப்போம். சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு ஒரு கிழ வேதியர் வருகிறார். நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இதோ என்கிறார். பார்ப்பனருக்குப் பார்ப்பனர் அடிமையாகும் வழக்கம் எங்கே உண்டு, நீ பித்தனா என்று கேட்டுச் சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அவையார் கேட்கும் சான்றுகள் மூன்று: ஆண்டு அனுபவித்துவரும் வழக்கம், எழுத்து, கண்ட சாட்சி. கிழவர் சிரிக்காமல் சொல்கிறார்: இவன் கிழித்தது படி, மூல ஓலை என்னிடம் இருக்கிறது. அதைக் கரணத்தான் வாங்கி வாசிக்கிறான். சாட்சிக் கையொப்பங்களைப் பார்க்கிறார்கள். பாட்டன் எழுதிய வேறோர் ஓலையை ஆவணக் காப்பிலிருந்து வரவழைத்து எழுத்தோடு எழுத்தை ஒப்பிடுகிறார்கள். ஒத்துப்போகிறது. தீர்ப்பு: அடிமை செய்.

மூலம், படி, பாதுகாப்பான வைப்பிடம், ஒப்பீட்டு மாதிரி, மூன்றாம் தரப்புச் சரிபார்ப்பு எல்லாமே பன்னிரண்டாம் நூற்றாண்டின் இந்தப் பிரதியில் இருக்கின்றன. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இந்தப் பட்டியலுடன் புதிதாகச் சேர்த்தது கணக்கைத்தான். ஆனால் அவை கேட்காத ஒரு கேள்வியும் உண்டு. பாட்டன் இட்ட ஒப்பம் பேரனைக் கட்டுமா? தன் வழிவழி வருவோரையும் சேர்த்து எழுதிக்கொடுக்க அவருக்கு என்ன அதிகாரம்? எழுத்து அவருடையதுதான் என்று மெய்ப்பித்ததும் வழக்கு முடிந்துவிடுகிறது. ஒப்பம் உண்மையா என்ற கேள்வி, ஒப்பந்தம் நியாயமா என்ற கேள்வியை விழுங்கிவிடும் இடம் இது. இந்த விழுங்கலை அடுத்த எண்ணூறு ஆண்டுகளில் பலமுறை பார்க்கப்போகிறோம்.

பெரியபுராணத்தில் வருபவர் ஆதிசைவர் என்பதால் ஓலை, அவை, விவாதம், எதிர்வாதம் எல்லாம் அமைந்தன. 1201இல் பஞ்சம் தாங்காமல் ஒரு வேளாளர் தம் இரண்டு மகள்களுடன் கோயிலுக்குத் தம்மை விற்றுக்கொண்டதைத் திருப்பாம்புரம் கல்வெட்டு சொல்கிறது. அவர்களுக்காக எந்த அவையும் கூடி எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நிலத்தோடு சேர்த்துக் கைமாறிய பள்ளர், பறையருக்கோ கீறல்கூடத் தேவைப்படவில்லை. ஒப்பமிடும் உரிமை என்பதே ஒரு சாதிச் சலுகையாக இருந்தது என்பதையும் சேர்த்தே ‘தற்குறி’யைப் படிக்கவேண்டும்.

அடுத்த காட்சி வங்காளத்தில். 1858 ஜூலை, 1857 எழுச்சியின் புகை அடங்காத காலம். ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற இளம் ஆங்கில அதிகாரி சாலைபோடச் சரளை சப்ளை செய்யும் ஒப்பந்தத்தை ராஜ்யதர் கோனாய் என்பவரோடு செய்கிறார். கோனாய் வழக்கம்போல் கையொப்பமிடப் போகும்போது ஹெர்ஷல் தடுத்து, அவருடைய உள்ளங்கையில் மை தடவித் தாளில் அழுத்திப் பதிக்கிறார். பின்னால் ‘இது என் கையெழுத்தல்ல’ என்று சொல்லிவிடாதபடி அவரைப் பயமுறுத்துவதே நோக்கம் என்று ஹெர்ஷலே பிற்காலத்தில் எழுதினார். உலக விரல்ரேகை வரலாறுகள் எல்லாம் இந்தத் தாளிலிருந்துதான் தொடங்குகின்றன. கார்லோ கின்ஸ்பர்க் தடயங்கள் பற்றிய தம் கட்டுரையில் இதை எடுத்துப் பேசியிருக்கிறார்: வங்காள மக்களின் வழக்கிலிருந்த ஓர் அறிவை ஆட்சியாளர்கள் எடுத்து, அந்த மக்களையே கண்காணிக்கும் கருவியாகத் திருப்பினார்கள்.

நான் இங்கே அழுத்த விரும்புவது வேறொன்று. கோனாய் தற்குறி அல்ல. அந்த ஒப்பந்தத்தைத் தம் கையாலேயே வங்காளியில் எழுதியவர் அவர். எழுதத் தெரிந்தவரின் எழுத்தை நம்பாமல் உடலைக் கேட்டதுதான் நவீன கைநாட்டின் பிறப்பு. எழுத்தறிவின்மை அதற்குக் காரணமாக இருக்கவில்லை. பொய் சொல்லும் சுதேசி என்ற காலனியக் கட்டமைப்பே காரணம். பிறகு 1877இல் ஹூக்ளியில் ஓய்வூதியக்காரர், பத்திரம் பதிய வருவோர், சிறைக் கைதி என்று மூவரிடமும் அவர் விரல் வாங்கினார். 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகை அலுவலகம் வந்தது. ரேகைகளை வகைபிரிக்கும் முறையை உருவாக்க உழைத்த அஜீஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகியோரைத் தாண்டி அது ‘ஹென்றி முறை’ என்று ஆங்கிலேய மேலதிகாரியின் பெயரில் உலகத்துக்குப் போனது. பெயர் போடும் உரிமை யாருக்கு என்பது அங்கேயும் தீர்ந்துபோயிற்று.

தெற்கே இதே காலத்தில் முன்பணமும் தாளும் ஆட்களைக் கட்டிப்போட்டன. 1843இன் ஐந்தாம் சட்டத்துக்குப் பிறகு, அடிமை என்று உரிமை கொண்டாடி கம்பெனி நீதிமன்றங்களுக்குப் போக முடியாது. அடிமை ஓலை போன இடத்தில் கடன் சீட்டு வந்து உட்கார்ந்தது. 1859இன் பதின்மூன்றாம் சட்டம், முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் அதைக் குற்றமாக்கியது. மூன்று மாதம்வரை சிறை. ஒப்பந்த மீறல் முதலாளிக்குச் சிவில் விவகாரம், கூலிக்குக் கிரிமினல் விவகாரம். 1925இல்தான் அதை நீக்கச் சட்டம் வந்தது. திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் கழுத்தில் கிடந்தது ‘துண்டு’. கங்காணியும் அவர் கூட்டமும் பட்ட கடன் இவ்வளவு, இதைத் தீர்ப்பவர் ஆட்களைக் கூட்டிப்போகலாம் என்று ஒரு துரை இன்னொரு துரைக்கு எழுதும் சீட்டு அது. ஆட்களைப் பற்றிய ஆவணம். ஆட்களின் ஒப்பம் இல்லை. 1921இல் இலங்கையில் இம்முறையைச் சட்டம் ஒழித்தது.

எல்லாச் சட்டமும் ஒரே பக்கம்தான் சாய்ந்தது என்று எழுதிவிட்டால் கட்டுரை எளிதாக முடியும். ஆனால் வரலாறு அப்படி இல்லை. 1875 மே மாதம் புனே அருகே சூபாவில் தொடங்கி புனே, அகமத்நகர் மாவட்டங்களில் குடியானவர்கள் வட்டிக்கடைகளுக்குள் புகுந்தார்கள். அவர்கள் தேடியது பத்திரங்களை, கிடைத்தவற்றை எரித்தார்கள். ரணஜித் குகா விரிவாகக் காட்டியதுபோல, எழுத்து தன்னை ஆளும் கருவி என்று தெரிந்துகொண்ட குடியானவர் அந்த எழுத்தையே குறிவைத்தார். சுந்தரர் கிழித்தது ஒரு படியை. இவர்கள் எரித்தது மூலத்தை. விளைவாக வந்தது 1879இன் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம். அதில் இரண்டு ஏற்பாடுகள் நமக்கு முக்கியம். ஒன்று: விவசாயி எழுதிக்கொடுக்கும் கடன் பத்திரம் கிராமப் பதிவாளரின் மேற்பார்வையில் எழுதப்பட்டு அவர் சான்றளித்திருக்க வேண்டும், இல்லையேல் நீதிமன்றம் அதைச் சாட்சியமாக ஏற்காது. இரண்டு: பத்திரத்தில் என்ன தொகை எழுதியிருந்தாலும், நீதிபதி அதற்குப் பின்னால் போய்க் கடனின் கதையை முதலிலிருந்து விசாரிக்கலாம். வாயை அடைக்கும் வேலையைக் கையொப்பத்திடமிருந்து பறித்த சட்டம் இது. தொடக்கத்தில் நான்கு மாவட்டங்களுக்கு மட்டுமே பொருந்தியது, ஓட்டைகள் ஏராளம், வட்டிக்காரர் வேறு வழி கண்டார் என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் சட்டத்துக்கு இப்படியும் யோசிக்கத் தெரியும் என்பதற்கு நெருப்பின் வெளிச்சத்தில் எழுதப்பட்ட சாட்சி அது.

இனி கம்பிக்கும் மின்சாரத்துக்கும் வருவோம். மின்வழிச் செய்தி நம் சட்டத்துக்குப் புதிதல்ல. 1872இன் சாட்சியச் சட்டத்திலேயே 88ஆம் பிரிவு தந்தியைப் பற்றிப் பேசுகிறது: வந்துசேர்ந்த தந்தி, அனுப்பக் கொடுத்த செய்தியோடு ஒத்திருக்கிறது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம், ஆனால் அதைக் கொடுத்தவர் யார் என்பது பற்றி எந்த அனுமானமும் கூடாது. எவர் வேண்டுமானாலும் எவர் பெயரிலும் தந்தி அடிக்கலாம் என்று அன்றைய சட்டத்துக்குத் தெரிந்திருந்தது. 128 ஆண்டுகளுக்குப் பிறகு மின்னஞ்சலுக்காகச் சேர்த்த 88ஏ பிரிவும் கிட்டத்தட்ட அதையே சொன்னது: செய்தி மாறாமல் வந்ததென்று கொள்ளலாம், அனுப்பியவர் இன்னார் என்று கொள்ளக்கூடாது. 2013 ஜூலையில் தந்திச் சேவையே மூடப்பட்டுவிட்டது. தந்தியிடம் காட்டிய சந்தேகம் மட்டும் மின்னஞ்சலில் உயிரோடு இருக்கிறது. நல்ல சந்தேகம்தான் அது.

இடையில் 1965இல் ஒரு பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு வழக்கு. அகமதாபாத்திலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள், காம்காவில் ‘சரி’ என்றார்கள். ஒப்பந்தம் எந்த ஊரில் பிறந்தது? ‘சரி’ என்ற சொல் காதில் விழுந்த ஊரில் என்றது உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை. நீதிபதி ஹிதயத்துல்லா மாறுபட்டார். கையொப்பமே இல்லாத வெறும் குரல் ஒப்பந்தமாயிற்றா என்று யாருக்கும் அங்கே சந்தேகம் எழவில்லை. இரண்டு பக்கமும் வியாபாரிகள் அல்லவா.

1996இல் ஐ.நா.வின் வணிகச் சட்ட ஆணையம் மின் வணிகத்துக்கான மாதிரிச் சட்டத்தை வகுத்தது. அதையொட்டி வந்த நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17இல் நடைமுறைக்கு வந்தது. மின் ஆவணம் எழுத்தாகும், இலக்கமுறைக் கையொப்பம் கையொப்பமாகும் என்றது. மின்வழி என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று வெளிப்படையாகச் சொல்லும் 10ஏ பிரிவு 2008 திருத்தத்தில் சேர்ந்து, 2009 அக்டோபர் 27 முதல் அமலானது. சில மாதங்களில் அந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன்னேயே வந்தது. டிரைமெக்ஸ் என்ற நிறுவனமும் வேதாந்தா அலுமினியமும் 2007 அக்டோபரில் மின்னஞ்சலிலேயே ஐந்து கப்பல் பாக்சைட்டுக்கு விலை, அளவு எல்லாம் பேசி முடித்தன. பிறகு வேதாந்தா, முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்தாகவில்லை, ஆகவே ஒப்பந்தமே இல்லை என்றது. ஈரோடு மாவட்டத்திலிருந்து போன நீதிபதி பி. சதாசிவம் 2010 ஜனவரி 22இல் தீர்ப்பளித்தார்: பேச்சு முடிந்து ஏற்பும் வந்துவிட்டால் ஒப்பந்தம் பிறந்துவிட்டது; முறையான தாள் பின்னால் வரவேண்டியிருந்தது என்பதால் அது இல்லாமல் போகாது. நல்ல தீர்ப்பு. ஒரு பெரிய நிறுவனம் ‘நான் கையெழுத்துப் போடலியே’ என்று நழுவ முடியவில்லை. (தூத்துக்குடியை அறிந்த நமக்கு வேதாந்தாவின் பெயரும், பாக்சைட்டுக்காகக் கேட்ட நியம்கிரி மலையை 2013இல் 12 கிராம சபைகளும் ஒரே குரலில் மறுத்ததும் நினைவுக்கு வராமலிருக்காது. அங்கே சம்மதம் என்பது தலை எண்ணிக்கை, கூடிப் பேசுதல், எழுந்து நின்று சொல்லுதல். எந்த மின்னஞ்சலும் அதற்கு ஈடாகாது.)

இலக்கமுறைக் கையொப்பம் இயங்கும் விதம் சுருக்கமாக இது. ஆவணத்தைக் கணக்கு ஒன்றின் வழியே பிழிந்து ஒரு சிறு எண்வரிசையாக்குவது. ஒப்பமிடுபவரிடம் மட்டும் இருக்கும் இரகசியச் சாவியால் அதைப் பூட்டுவது. எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு சாவியால் யாரும் திறந்து சரிபார்ப்பது. ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். பாட்டன் ஓலையை அவையார் ஒப்பிட்டதைவிடப் பல மடங்கு துல்லியம். ஆனால் எதை மெய்ப்பிக்கிறது? அனுப்பியது இந்தச் சாவி, வழியில் எதுவும் மாறவில்லை என்பதை மட்டுமே. தேவதானத்துச் சாமியின் பெயர் நச்சாடை தவிர்த்தருளியவர். சோழன் பாண்டியனுக்குப் பரிசாக ஓர் ஆடை அனுப்ப, அதில் நஞ்சு தோய்ந்திருப்பதைச் சாமி காட்டிக்கொடுத்தார் என்பது தலபுராணம். அனுப்பியவன் சோழன்தான், ஆடையும் வழியில் மாறவில்லை. இன்றைய சரிபார்ப்பு மென்பொருள் எதுவும் அந்த ஆடைக்குப் பச்சை விளக்கு காட்டியிருக்கும்.

இந்த இடத்தில்தான் சட்டம் தன் பழைய சந்தேகத்தைக் கைவிடுகிறது. சாதாரண மின்னஞ்சலை அனுப்பியவர் யாரென்று அனுமானிக்கக்கூடாது என்ற அதே சட்டம், ‘பாதுகாப்பான’ மின் கையொப்பம் என்றால், அது உரியவராலேயே, ஒப்பமிடும் எண்ணத்தோடேயே இடப்பட்டது என்று அனுமானிக்கச் சொல்கிறது. எண்ணத்தையே அனுமானம்! இல்லை என்று மெய்ப்பிக்கும் பாரம் ஒப்பமிட்டவர்மீது. ‘பாதுகாப்பான’ என்பதற்கு நிபந்தனை, ஒப்பத்தை உருவாக்கும் தரவு ஒப்பமிடுபவரின் தனிப்பட்ட கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும் என்பது. 2015 ஜனவரி விதிகளால் வந்த ஆதார்வழி மின் ஒப்பத்தில் நடப்பதைப் பாருங்கள். கைபேசிக்கு ஓடிபி வருகிறது, அல்லது கருவியில் விரல் வைக்கிறோம். நமக்கான சாவி சேவை நிறுவனத்தின் கருவிக்குள் பிறந்து, ஒருமுறை ஒப்பமிட்டு, அங்கேயே அழிக்கப்படுகிறது. நம் சாவியை நாம் கண்ணால் காண்பதில்லை. இது யாருடைய தனிக் கட்டுப்பாடு என்று எந்த வழக்கறிஞரும் கேட்கலாம், கேட்கவேண்டும்.

ஊர்ப்புறங்களில் குழுக்கடன் வாங்கும் பெண்களிடம் இது ஒரே வாக்கியமாக வந்து சேர்கிறது: ‘யக்கா, போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க.’ அக்கா சொல்கிறார். ஆங்கிலத்தில் இருபது முப்பது பக்கம் ஒப்பமாகிவிடுகிறது. பழைய தற்குறிக்காவது பக்கத்தில் ஒருவர் இருந்தார்; வாசித்துக் காட்டினாரோ இல்லையோ, ‘இது இன்னார் கீறல்’ என்று எழுதத் தன் பெயரைப் பணயம் வைத்தார். பின்னால் கூண்டில் ஏற்றிக் கேட்க ஓர் ஆள் இருந்தார். ஓடிபிக்குச் சாட்சிக் கையெழுத்தே கிடையாது. எழுதப் படிக்கத் தெரிந்த அக்காவும் இங்கே தற்குறிதான். கோனாய்க்கு நேர்ந்தது இதுவே.

சட்டம் எதையெல்லாம் மின் ஒப்பத்திலிருந்து விலக்கி வைத்தது என்ற பட்டியலும் ஒரு வாக்குமூலம். தொடக்கத்திலேயே புரோநோட்டு முதலான மாற்றுமுறை ஆவணங்கள், அதிகாரப் பத்திரம், அறக்கட்டளை, உயில், நில விற்பனை ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது என்றார்கள். சொத்து உள்ளவர்கள் தங்கள் நிலத்தையும் உயிலையும் புதுக் கருவியிடம் ஒப்படைக்க அஞ்சினார்கள் என்று இதைப் படிக்கலாம். 2022 செப்டம்பர் 26இல் வந்த அறிவிக்கை பட்டியலைத் திருத்தியது. நில விற்பனை ஒப்பந்தம் விலக்கிலிருந்து நீங்கியது (பதிவுச் சட்டம் தன் பங்குக்கு 2001 திருத்தத்தில் கேட்ட புகைப்படத்தையும் விரல்ரேகையையும் விட்டுவிடவில்லை). புரோநோட்டும் உள்ளே வந்தது. ஆனால் ரிசர்வ் வங்கி போன்ற ஒழுங்குமுறை அமைப்புகளின் கீழ் வரும் நிறுவனங்களுக்கு எழுதிக்கொடுக்கும் புரோநோட்டு மட்டும். அதிகாரப் பத்திரமும் வந்தது. அப்படிப்பட்ட நிறுவனத்துக்கு நம் சார்பில் செயல்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம் மட்டும். அதாவது கடன் வாங்குகிறவர் கடன் கொடுக்கும் நிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்கலாம். இரண்டு சம்சாரிகள் தங்களுக்குள் மின் புரோநோட்டு எழுதிக்கொண்டால் செல்லாது. அனுமதி பெற்றவர்களை முறைப்படுத்துவதே நோக்கம், கந்துவட்டிக்காரனுக்கு வசதி செய்யக்கூடாது என்று சொல்வார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கதவு எந்தப் பக்கம் திறந்தது என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது.

2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கடனின் முக்கிய விவரங்களைக் கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் கொடுத்து, விளக்கி, புரிந்தது என்று ஒப்புதல் வாங்கவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. 1879இன் கிராமப் பதிவாளர் நினைவுக்கு வருகிறார். ஒரு வித்தியாசம்: அன்றைய சட்டத்தில் பதிவாளர் இல்லாவிட்டால் பத்திரம் சாட்சியமாகாது. இன்றைய சுற்றறிக்கை, விளக்காவிட்டால் பத்திரம் செல்லாது என்று சொல்லவில்லை. ‘புரிந்தது’ என்ற ஒப்புதலையும் அதே கைபேசித் திரையில் ஒரு கட்டத்தைத் தொட்டே வாங்கிவிட முடியும்.

சமமில்லாத பலம் கொண்டவர்களிடையே, புள்ளிக்கோட்டில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வழியில்லாத நிலையில் எழுதப்பட்ட அநியாய ஷரத்துகள் செல்லாது என்று 1986இல் பிரஜோநாத் கங்குலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அதற்கும் முன்பே, கொத்தடிமைக்கு உட்படுத்தும் எந்த ஒப்பந்தமும் ஆவணமும் செல்லாது என்று ஒரே வரியில் தீர்த்தது. ஆக, ‘எண்ணை நீதானே சொன்னாய்’ என்ற வாதத்துக்கு எதிராகப் பயன்படுத்த நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. ஓடிபி ஒப்பங்களின்மீது அவற்றைக் கொண்டுபோய் வைக்கும் வழக்குகள்தான் வேண்டும்.

மறுபக்கமும் உண்டு, நம் தோழர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். டிரைமெக்ஸ் தீர்ப்பின் தர்க்கம் கப்பல்காரருக்கு மட்டும் உரியதல்ல. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்கிறார்கள். விசைத்தறிக் கூலி என்ன, ஆர்டர் எத்தனை மீட்டர், பாக்கி எப்போது என்பதெல்லாம் இன்று கைபேசியில் வாட்ஸ்அப் செய்தியாக, குரல் பதிவாக ஓடுகின்றன. ‘வர்ற மாசத்திலேருந்து கூட்டித் தர்றேன்’ என்று முதலாளி அனுப்பிய ஒரு வரி, மற்ற அம்சங்கள் பொருந்தினால், ஒப்பந்தத்தின் பகுதி. கையெழுத்து தேவையில்லை. வாய்ச்சொல்லை மட்டும் நம்பியிருந்தவர் கைக்கு முதல்முறையாக எதிராளியின் ‘எழுத்து’ வந்திருக்கிறது.

அதை மெய்ப்பிக்கும்போதுதான் தராசு மறுபடி சாய்கிறது. மின் பதிவின் நகலைக் கொடுத்தால் சான்றிதழ் வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2014இல் அன்வர் வழக்கிலும், 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கிலும் உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63ஆம் பிரிவின்கீழ் அந்தச் சான்றிதழை இரண்டு பகுதியாக்கியிருக்கிறது. முதல் பகுதியில் தாக்கல் செய்பவர் ஒப்பமிடவேண்டும். இரண்டாம் பகுதியில் ஒரு நிபுணர். கோப்பைப் பிழிந்தெடுத்த எண்வரிசையையும் இருவரும் குறிக்கவேண்டும். கடன் கொடுக்கும் நிறுவனத்துக்கு இதெல்லாம் அலுவலக வேலை. தறிக்காரர் அந்த நிபுணரை எங்கே தேடுவார், எவ்வளவு கொடுப்பார்?

2020 தீர்ப்பிலேயே ஒரு வழி இருக்கிறது. கருவியின் சொந்தக்காரரே கூண்டில் ஏறி, இது என் கருவி, இதில்தான் வந்தது என்று சொல்லி அந்தக் கருவியையே நீதிமன்றத்தில் கொடுத்தால் அது மூல ஆவணம், சான்றிதழ் தேவையில்லை. கிழ வேதியர் மூல ஓலையை வைத்துக்கொண்டு படியை மட்டும் நீட்டிய காரியத்தைத் தொழிலாளியும் செய்யலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து பிரிண்ட் போட்டதோடு போனை மாற்றிவிடுகிறார்கள், செய்தியை அழித்துவிடுகிறார்கள், பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடுகிறார்கள். வழக்கு முடிகிறவரை அந்தப் போனைப் பெட்டியில் பூட்டி வைக்கவேண்டும். சங்கங்கள் உறுப்பினர்களிடம் சொல்லவேண்டிய முதல் காரியம் இது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாய்தா எத்தனை ஆண்டு இழுத்தாலும் அந்தப் போன் சார்ஜ் ஏறும் நிலையில் இருக்கவேண்டும்.